சுற்றுச்சூழல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? எந்தப் பிரச்சினையோடு போகிறீர்கள்?

நான் சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுநிலை முடித்தவள். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் சேர்க்கை விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் இருந்தேன். இந்தத் துறையில் மேலே படிக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் மேலாண்மை, சுற்றுச்சூழல் கொள்கை, சஸ்டெய்னபிலிட்டி (நிலைத்தன்மை) என்று ஏகப்பட்ட பெயர்களில் படிப்புகள் இருக்கின்றன. எனக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரை விட்டுவிடுங்கள். படிப்பு எதில் போய் முடிகிறது என்று பாருங்கள். ஆய்வேட்டில் முடிந்தால் அது உங்களை ஆய்வாளராக்கப் பார்க்கிறது. நிறுவனத்துக்கோ அரசுத் துறைக்கோ குழுவாகச் செய்து கொடுக்கும் திட்டப்பணியில் முடிந்தால், வேலைக்குத் தயார்செய்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எம்இஎம் என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைப் பட்டம் தொழில்முறைப் படிப்பு. எம்இஎஸ்சி ஆய்வுப் படிப்பு. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் உள்ள பிரென் பள்ளியில் மேலாண்மை மாணவர்கள் தனி ஆய்வேடு எழுதுவதில்லை. குழுவாகச் சேர்ந்து வெளி நிறுவனம் ஒன்றின் உண்மையான சிக்கலுக்குத் தீர்வு தேடுகிறார்கள்.

அடுத்து, கட்டாயப் பாடங்களின் பட்டியலை எடுத்துப் படியுங்கள். நீரியலும் மண் வேதியியலும் நிறைய இருந்தால் அது ஒரு படிப்பு. சுற்றுச்சூழல் பொருளியலும் சட்டமும் நிறைய இருந்தால் வேறு படிப்பு. ஆயுள் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருள் உருவாவது முதல் குப்பையாவது வரை அதன் பாதிப்பைக் கணக்கிடுவது), கார்பன் கணக்கு (உமிழ்வைக் கணக்கிடுவது), நிறுவன அறிக்கை என்று போனால் அது மூன்றாவது வகை. பெயர் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களை உறுத்தும் பிரச்சினை எது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். 'காலநிலை மாற்றம்' என்று எழுதினால் எந்தப் படிப்பும் பொருந்துவதுபோலத்தான் தோன்றும். 'நகரத்து வெப்பம் ஏன் சில தெருக்களில் மட்டும் இரவிலும் தணிவதில்லை' என்று எழுதினால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். அந்த ஒரு வரி கிடைக்காமல் பல்கலைக்கழகங்களைத் தேடத் தொடங்காதீர்கள்.

நான் வணிகவியல் படித்தவன். அறிவியல் பின்னணி இல்லாமல் இந்தப் பக்கம் வர முடியுமா?

வரலாம். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கணிதப் பின்னணி போதாததால் பொருளியல் முனைவர் படிப்பின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்குமேல் இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த நீரைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் எப்படி ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள் என்பதுதான் 1965-இல் அவர் முடித்த முனைவர் ஆய்வு. பொதுவளங்களை மக்கள் எப்படி ஆள்கிறார்கள் என்ற அதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க இருந்தார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சில படிப்புகள் புள்ளியியல், அடிப்படைப் பொருளியல், உயிரியல் அல்லது வேதியியலில் ஒரு தாளாவது கேட்கும். இல்லையென்றால் இணையவழியில் மதிப்பெண்ணோடு முடிக்கக்கூடிய ஒரு புள்ளியியல் பாடத்தை இப்போதே எடுங்கள். வணிகவியல்காரர் கார்பன் கணக்கைப் புரிந்துகொள்வதில் பலரையும் முந்திவிடுவார். நேரடி உமிழ்வு, வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வு, விநியோகச் சங்கிலியின் உமிழ்வு என்று ஸ்கோப் 1, 2, 3 ஆகப் பிரிப்பதே ஒரு கணக்குப்பதிவு முறைதானே.

எஸ்ஓபியை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையை, எப்படித் தொடங்குவது? 'சிறு வயதிலிருந்தே இயற்கை மீது எனக்குத் தீராத காதல்' என்று தொடங்கியிருக்கிறேன்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் காதலை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதே வரியை அதே நாளில் இன்னும் பலர் எழுதியிருப்பார்கள். வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரியாது.

ஒரு மாணவியின் வரைவை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். முதல் பத்தியில் உருகும் பனிப்பாறைகள், இரண்டாவதில் ஐநாவின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள், மூன்றாவதில் எதிர்காலத் தலைமுறை. நான்காவது பத்தியின் நடுவில், போகிற போக்கில், 'விடுதியில் குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டத்திலும் பங்கேற்றேன்' என்று ஒரு வரி. அதைப் பற்றிக் கேட்டேன். மூன்று மாதம் வாரம்தோறும் குப்பையை எடைபோட்டிருக்கிறாள். இரண்டு நிறத் தொட்டி வைத்தும் கலப்பு குறையவில்லை. மாணவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், அப்போதும் குறையவில்லை. ஒருநாள் விடியற்காலையில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது, பிரித்த குப்பை இரண்டும் ஒரே வண்டியில்தான் கொட்டப்படுகிறது. அதைப் பார்த்த மாணவர்கள் பிரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

எஸ்ஓபி அங்கேதான் தொடங்க வேண்டும். அவள் ஒன்றை அளந்தாள், தவறாகப் புரிந்துகொண்டாள், நேரில் போய்ப் பார்த்தாள், திருத்திக்கொண்டாள். அதிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது: மனிதர்களின் நடத்தையை மாற்றப் பார்க்கும் திட்டங்கள், பின்னால் இருக்கும் அமைப்பை ஏன் கவனிப்பதில்லை? அந்தக் கேள்விக்கு விடைதேட எந்தப் பாடங்கள், எந்தப் பேராசிரியரின் வேலை உதவும் என்று எழுதினால் எஸ்ஓபி முழுமை பெற்றுவிடும். பனிப்பாறை தேவையே இல்லை.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதை நான்காவது பத்தியில் ஒளித்து வைத்திருப்பீர்கள்.

எஸ்ஓபியை ஏஐ கருவியிடம் கொடுத்து எழுதலாமா?

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பாருங்கள். தடைசெய்திருந்தால் பேச்சே இல்லை. இலக்கணம் பார்க்க அனுமதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த மாணவி குப்பை வண்டியைப் பார்த்ததுபோல, எதையோ நேரில் நின்று பார்த்தது நீங்கள்தான். அதை அந்தக் கருவியால் எழுத முடியாது.

மதிப்பெண் குறைவு. இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர். மறைக்கலாமா?

மதிப்பெண் பட்டியலை எப்படியும் கேட்பார்கள், மறைக்க முடியாது. காரணம் இருந்தால் இரண்டு வரியில் சொல்லுங்கள், கெஞ்ச வேண்டாம். அதன்பின் மதிப்பெண் ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தகுதிக்கும் கீழே இருந்தால் அந்த இடத்துக்கு விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால், 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார் ஆசிரியர். என்ன செய்வது மேடம்?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. எழுதிக் கொடுக்காதீர்கள். இது நேர்மைக் குறைவு என்பது ஒரு பக்கம். இன்னொன்று, எஸ்ஓபியும் கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது வாசிப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

அவருக்கு நேரமில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். அதைத் தீர்த்துக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்: அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், எந்தத் திட்டப்பணி செய்தீர்கள், அதில் எது சிக்கலானது, அவர் என்ன சொல்லித் திருத்தினார், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி எது. கூடவே எஸ்ஓபியின் வரைவு. 'ஐயா, கடிதத்தை உங்கள் சொற்களில் எழுதினால் போதும், இது நினைவூட்டத்தான்' என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு மாதமாவது முன்னால் கேளுங்கள். அப்படியும் மறுத்தால் வேறு ஆசிரியரைத் தேடுவது நல்லது. துறைத் தலைவர் எழுதும் நான்கு பொதுவான வரிகளைவிட, உங்களோடு களத்துக்கு வந்த இளம் ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் எவ்வளவோ மேல்.

விண்ணப்பிக்கும் முன் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா?

ஆய்வேட்டுப் படிப்பாக இருந்து, ஒரு வழிகாட்டியின் கீழ் சேர்க்கும் முறை என்றால் கட்டாயம் அனுப்புங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல துறைகளில் ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க முன்வராவிட்டால் விண்ணப்பம் நகராது. பாடவழிப் படிப்புக்கு இது தேவையில்லை.

அனுப்பும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுசாகப் படியுங்கள். அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த வேலை, வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற விசாரிப்பு. பத்து வரிக்குள் முடித்துவிடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

சிமென்ட் நிறுவனத்தில் மூன்று ஆண்டாக வேலை செய்கிறேன். இந்த அனுபவம் எனக்கு எதிராகத் திரும்பாதா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சிமென்ட் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால்தான் சூளைக்கு முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொடுத்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. இதை ஏட்டில் படித்தவர்கள் நிறைய. சூளைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் குறைவு. கிளிங்கரின் (சூளையிலிருந்து வரும், அரைத்தால் சிமென்டாகும் கட்டிகள்) அளவைக் குறைக்க அனல்மின் நிலைய எரிசாம்பலோ இரும்பு ஆலைக் கசடோ சேர்க்கும்போது ஆலையில் என்ன தடை வருகிறது, தரப் பிரிவு என்ன சொல்கிறது, வாங்குபவர் ஏன் தயங்குகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதாதீர்கள். 'மனம் திருந்தி வெளியேறுகிறேன்' என்றும் எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

வேலைக்குப் போய்விட்டுப் படிப்பதா, உடனே படிப்பதா? உதவித்தொகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையத் தொடர்பு உண்டு. வளரும் நாட்டு மாணவர்களுக்காக ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் எபோஸ் உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. ஆக, அதற்கென்று ஒரு கால இடைவெளி இருக்கிறது. அதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கும். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிப்பீர்கள். சுற்றுச்சூழல் சார்ந்தவை அதில் பல உண்டு. உதவித்தொகைக்கும் சேர்க்கைக்கும் பெரும்பாலும் ஒரே விண்ணப்பம்தான், ஆனால் கடைசித் தேதி சீக்கிரமே வந்துவிடும்.

அமெரிக்காவில் ஆய்வுப் படிப்பு என்றால் ஆசிரியர் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணிகள் வழியாகக் கட்டணம் குறையலாம். நிதியுதவியோடு இடம் கொடுத்தால், இதற்கென்று உள்ள 'ஏப்ரல் 15' பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும். அதற்குமுன் அவசரப்படுத்தினால் அந்த விதியைப் பணிவாகச் சுட்டிக்காட்டலாம்.

முழுக் கடனில் தொழில்முறைப் படிப்புக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையைப்போல இருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். உதவித்தொகை கிடைக்காத ஆண்டில் வேலை பார்த்துவிட்டு மறுபடி முயல்வதில் நட்டமில்லை.

ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் பாருங்கள். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டு ஆண்டுதான்.

ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

எல்லாம் வேண்டாம். ஒன்றை வைத்து ஒரு வேலையை முடித்துக் காட்டுங்கள். கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-இலிருந்து படமெடுக்கின்றன. 2008-இலிருந்து அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஏரியையோ ஆற்றங்கரையையோ எடுத்து, முப்பது ஆண்டில் அதன் நீர்ப்பரப்பு எப்படி மாறியது என்று ஒரு வரைபடம் செய்யுங்கள். ஒரே பருவத்தின் படங்களை ஒப்பிடுங்கள். கோடைப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஏரி சுருங்கிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். பத்துச் சான்றிதழ்களைவிட இந்த ஒரு வரைபடம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

போன ஆண்டு ஆறு இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஆறும் நிராகரிப்பு. மறுபடி அதே இடங்களுக்கே போடலாமா?

போடலாம், பெரும்பாலான இடங்களில் தடை இல்லை. ஆனால் அதே எஸ்ஓபியை அனுப்பாதீர்கள். முதலில் நீங்கள் எழுதிய ஆறு எஸ்ஓபிகளையும் பக்கத்தில் வைத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரை விரலால் மூடிவிட்டுப் படியுங்கள். எது எந்த இடத்துக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பின்னூட்டம் கேட்டு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். சில இடங்கள் தரும், பல இடங்கள் தராது.

இந்த ஆண்டு ஆறு வேண்டாம், மூன்றோ நான்கோ போதும். நடுவில் கிடைக்கும் மாதங்களில் உங்கள் கேள்வியோடு தொடர்புடைய ஏதாவது ஒன்றை அளந்து, எழுதி முடியுங்கள். புதிய வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, வாசித்துச் சொல்கிறேன்.