மாணவர் சங்கக் கட்டணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிட்னியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதிகளில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. படிப்புக்கான கட்டணம் போக, மாணவர் சேவைக் கட்டணம் என்று ஆண்டுக்கு 300 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். ஜிம், கிளப், சங்கம் எதிலும் நான் கால்வைத்ததில்லை. வகுப்பு முடிந்ததும் ரயிலுக்கு ஓடுகிறவன். எனக்குப் பயன்படாத ஒன்றுக்கு ஏன் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும்? அப்பா மதுரைப் பக்கத்துக்காரர். "நம்ம ஊர் தலைக்கட்டு வரி மாதிரிதான், கட்டிட்டுப் போடா" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஸ்., சிட்னி

அன்புள்ள எஸ்.,

மாணவர் சங்கத்தில் உறுப்பினராவது ஒன்று, கட்டணம் கட்டுவது வேறொன்று. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தான் ஏற்காத அரசியல் பிரச்சாரத்துக்குத் தன் பணம் போகிறதே என்று கசந்தவர்கள் பலர். அந்தக் கசப்பு நியாயமானது. யாரையும் வற்புறுத்தி எந்தச் சங்கத்திலும் சேர்க்கக் கூடாது.

ஆனால் அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு 2005 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம் கட்டாய உறுப்பினர் முறையோடு கட்டணத்தையும் சேர்த்து வெட்டியது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த பார்னபி ஜாய்ஸே நாடாளுமன்ற மேலவையான செனட்டில் எதிர்த்து வாக்களித்தார். பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வசதிகள் என்னாகும் என்பது அவர் கவலை. சட்டம் ஸ்டீவ் ஃபீல்டிங் என்ற ஒற்றைச் செனட்டரின் ஆதரவில் தப்பியது. பிறகு வந்த தொழிற்கட்சி அரசு சொன்ன கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 17 கோடி டாலர் நின்றுபோனது. குழந்தைக் காப்பகம், சட்ட ஆலோசனை, விளையாட்டு என்று எல்லாவற்றிலும் அடி விழுந்தது.

ஜிம் இல்லாவிட்டால் யாரும் கெட்டுப்போகப் போவதில்லை. என்னை உறுத்துவது வேறு. ஒரு மாணவி கட்டுரையை எங்கிருந்தோ எடுத்தெழுதினாள் என்று குற்றச்சாட்டு வருகிறது. விசாரணைக் குழுவில் பேராசிரியர்கள். அவளுக்கு விதிமுறையும் தெரியாது, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச்சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் குற்றம்சாட்டும் நிர்வாகத்திடமே சம்பளம் வாங்குகிறவராக இருந்தால் எவ்வளவு தூரம் வாதாடுவார்? அப்படி ஓர் ஆளைத் தன் பணத்தில் அமர்த்த வேண்டியது மாணவர் சங்கம். அந்த நாள் தனக்கு வரும் என்று முதலாண்டில் யாரும் நினைப்பதில்லை. சந்தாவை விருப்பத்துக்கு விட்டால் வலுவான சங்கம் இராது என்று நான் சொல்வது அதனால்தான்.

2011இல் தொழிற்கட்சிப் பிரதமர் ஜூலியா கில்லார்டின் அரசு, நீங்கள் சொல்லும் மாணவர் சேவைக் கட்டணமாக அதை மீட்டது. 2012இல் உச்சவரம்பு 263 டாலர். யாரும் உறுப்பினராக வேண்டியதில்லை. கட்சிக்கோ தேர்தலுக்கோ ஒரு காசு செலவழிக்கக் கூடாது. இதெல்லாம் சரி. பணத்தை மட்டும் பல்கலைக்கழகத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். மாணவர் அமைப்புக்கு எவ்வளவு என்பதை நிர்வாகமே முடிவுசெய்தது. சங்கம் யாரைத் தட்டிக்கேட்க வேண்டுமோ அவரிடமே கைநீட்டி நிற்க வேண்டிய நிலை. குறைந்தது 40 சதவீதம் மாணவர்களே நடத்தும் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2024இல்தான் வந்தது. எனக்கு அது போதவில்லை. பெரும்பகுதி மாணவர் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் அப்பா சொன்ன ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தலைக்கட்டு வரியில் இன்னொரு பாதி உண்டு. திருவிழா முடிந்ததும் ஊரைக் கூட்டி வரவுசெலவை வாசிப்பார்கள். வரி கொடுத்தவன் எழுந்து நின்று, பந்தலுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பான். உங்கள் 300 டாலருக்கு அந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகளுடன் கலந்தாலோசித்தே பல்கலைக்கழகம் இந்தச் செலவின் முன்னுரிமைகளை வகுக்க வேண்டும், வெளியிடவும் வேண்டும். அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். சங்கத் தேர்தலில் ஒருநாள் ரயிலைத் தவறவிட்டாவது வாக்களியுங்கள்.

கையில் இப்போது பணமில்லை என்றால், நீங்கள் ஆஸ்திரேலியக் குடிமகனாக இருந்தால், இந்தக் கட்டணத்துக்கென்றே அரசு தரும் எஸ்ஏ-ஹெல்ப் கடனில் போட்டுவிடலாம். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துக் கட்டினால் போதும். அப்பாவுக்கு என் வணக்கம்.