அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள்

கேள்வி: அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டைச் சித்தி ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவருக்குப் பின் எனக்குச் சேர வேண்டும் என்று பதிவு செய்த உயில் எழுதிவைத்து 2019இல் காலமானார். சித்தி மாடியைத் தன் தம்பிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். தளம் ஒழுகுகிறது, வீட்டு வரி பாக்கி. அப்பாவைக் கடைசிக் காலத்தில் அவர் கவனிக்கவும் இல்லை. இப்போது வீட்டை விற்க ஆள் தேடுகிறார். ‘உன் பிழைப்புக்காக மட்டுமே அப்பா கொடுத்தார், விற்க உனக்கு உரிமை இல்லை’ என்று நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். கிழித்துப் போடுங்கள்.

சித்தி உங்கள் அப்பாவைக் கவனித்தாரா இல்லையா என்பதால் உயில் மாறாது. அனுபவ பாத்தியம் (ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை) உள்ளவர் வாடகைக்கு விடலாம். தம்பியின் வாடகை உரிமை சித்தியின் ஆயுளோடு முடிந்துவிடும். வரியும் சில்லறை மராமத்தும் அவர் பொறுப்பு. பாக்கி முற்றினால் நீங்களே கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சுவரை இடித்தால் தடை கேட்கலாம், தளம் ஒழுகுவதற்காகக் கேட்க முடியாது.

உங்கள் வழக்கில் எடுபடக்கூடியது ஒன்றே ஒன்று: ‘பிழைப்புக்காக’ என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல். அது உங்களுக்கு எதிராகத்தான் எடுபடும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 14(1)படி, மனைவி தன் ஜீவனாம்ச உரிமைக்கு, அதாவது பிழைப்புக்கான உரிமைக்கு, ஈடாகப் பெற்ற சொத்து, பத்திரத்தில் என்ன கட்டுப்பாடு இருந்தாலும், அவருடைய முழுச் சொத்தாகிவிடும். 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அப்படி ஆகிவிட்டால் ‘அவருக்குப் பின் எனக்கு’ என்ற வரி வெறும் மை. முன் உரிமை எதுவும் இல்லாமல் உயில் மூலமாகவே புதிதாக வந்தது என்றால் பிரிவு 14(2) பொருந்தும், எழுதிய கட்டுப்பாடு நிற்கும். கணவர் தன் சுயார்ஜிதத்தை உயிலில் இப்படி எழுதிவைக்கலாம் என்று 2006இல் சாது சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது; நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் இந்த இரண்டு வரிசைத் தீர்ப்புகளும் ஒத்துப்போகவில்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. (கிறிஸ்தவக் குடும்பமென்றால் இந்தத் தலைவலி இல்லை.)

என்னிடம் பாதி வழக்கில் வந்த ஒருவர், பிராதின் (வழக்கு மனுவின்) நாலாவது பத்தியில் உங்களைப் போலவே எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை. “அம்மா சோத்துக்குக் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே அப்பா எழுதினார்?” “ஆமாங்க.” அவ்வளவுதான், அவர் உட்கார்ந்துவிட்டார். சித்தி விற்கக் கூடாது என்று கேட்டு வந்தவர், வீடே சித்தியுடையது என்ற தீர்ப்போடு போனார்.

அதனால் அவசரப்பட்டு வழக்குப் போடாதீர்கள். 14(2) பொருந்தினால், சித்தி விற்றாலும் வாங்குபவருக்குக் கிடைப்பது சித்தியின் ஆயுள் வரைக்குமான அனுபவம்தான். சுவாதீனம் (வீட்டைக் கைக்கு ஒப்படைக்க) கேட்டு வழக்குப் போட உங்களுக்குக் காலவரம்புச் சட்டம் 65வது இனப்படி 12 ஆண்டு உண்டு, அதுவும் சித்தி இறந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இப்போதைக்கு, வாங்க வருபவர் யாரென்று தெரிந்தால் உயில் நகலை இணைத்து, ‘இவருக்கு ஆயுள்கால உரிமை மட்டுமே’ என்று இரண்டு வரி நோட்டீஸ் போதும். அப்பா ஏன் கொடுத்தார் என்று ஒரு சொல்லும் வேண்டாம். வில்லங்கச் சான்று அவ்வப்போது போட்டுப் பாருங்கள். உயிலில் ‘அப்போது உயிருடன் இருந்தால்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால், சித்திக்கு முன் நீங்கள் போய்விட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழியில் ஒன்றும் வராது.

என்னைக் கேட்டால் சமரசம்தான். அவருக்கும் பயம் இருக்கும், தோற்றால் விற்க முடியாது. ஒரு தொகை பேசி, ‘எந்த வகையில் என்ன உரிமை இருந்தாலும்’ என்ற வாசகத்தோடு பதிவு செய்த விடுதலைப் பத்திரம் (தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்குங்கள். பணம் இல்லையென்றால் இருவரும் சேர்ந்து விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு பாதிக்குக் கீழே வந்தாலும் மறுத்துவிடாமல் யோசியுங்கள். அந்த நோட்டீஸ் வரைவை உறவினர் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், பேச உட்காருவதற்கு முன்பே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.