டிஎம்வி பில்லில் இருக்கும் அந்த ஒரு டாலர்

தம்பி, சான் ஹோசேக்கு வந்து மூன்றே மாதத்தில் ஒரு பழைய கார் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியின் கட்டண விவரத்தில் 'ப்ரீவே (அதிவேக நெடுஞ்சாலை) அவசர உதவி' என்று 1 டாலர் போட்டிருக்கிறார்களே, அது எதற்கு, அது இருக்கும்போது பழுதான காரை இழுத்துப்போகும் டோயிங் திட்டத்துக்குத் தனியாக வேறு பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்தப் பக்கம் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பில்லில் நான் மனதாரக் கட்டுகிற தொகை ஒன்று உண்டென்றால் அது அந்த டாலர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வந்த புதிதில் கையில் செல்போன் கிடையாது. 880 என்ற ப்ரீவேயில் ஒரு நாள் டயர் பஞ்சராகி நின்றபோது, ஓரமாக நடந்துபோய், அவசர உதவிக்கான மஞ்சள் நிறத் தொலைபேசிப் பெட்டி ஒன்றைத் திறந்து பேசினேன். கம்பத்தின் உச்சியில் சின்ன சோலார் பலகை, பக்கத்தில் நீல நிறப் பலகையில் ஓர் எண். எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எந்தச் சாலை, எந்த இடம் என்பதெல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கும். "எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை" என்று நான் தடுமாறியபோது, அந்த எண்ணைப் படிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தப் பெட்டிகளுக்காக வந்ததுதான் உங்கள் பில்லில் உள்ள டாலர். 1985-இல் கலிபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: விரும்பும் கவுண்டிகள் தனி அமைப்பு வைத்து, ஒவ்வொரு வண்டியின் பதிவிலும் ஆண்டுக்கு ஒரு டாலர் வசூலித்து, இந்தப் பெட்டிகளை நட்டுப் பராமரிக்கலாம். நம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கான அமைப்பு 1988-இல் வந்தது.

அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. பெட்டியைத் தேடி நடப்பவர்கள் குறைந்தார்கள், பெட்டிகளையும் படிப்படியாகக் குறைத்தார்கள். சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைப்பாதைகளில் இன்றும் அவை தேவை. ஆனால் அந்தப் பெட்டியும் உள்ளுக்குள் ஒரு செல்போன்தான். 2022-இல் இங்கே 3ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய கருவி இருந்த பெட்டிகள் ஊமையாகிவிடும் நிலை. புதுக் கருவி வைக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்.

"போன்தான் எல்லோரிடமும் இருக்கிறதே, இந்த டாலர் இன்னும் எதற்கு?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் போன் செய்தால் உதவிக்கு யார் வருவார்கள்? இங்கேதான் அந்த டாலர் உருமாறியிருக்கிறது. பெட்டிச் செலவு போக மிஞ்சும் பணத்தை மற்ற சாலை உதவிகளுக்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. அதில் முக்கியமானது ப்ரீவே ரோந்து டோ டிரக்குகள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1991-இலும் நம் பகுதியில் 1992-இலும் ஆரம்பித்தார்கள். நெடுஞ்சாலைத் துறையான கால்ட்ரான்ஸ், நெடுஞ்சாலை போலீஸ், உள்ளூர் அமைப்பு மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. ஒப்பந்தம் எடுத்த டோயிங் நிறுவனங்களின் ஓட்டுநர்களை போலீஸே சரிபார்த்துப் பயிற்சி தருகிறது. அவர்கள் நெரிசல் நேரத்தில் குறிப்பிட்ட தூரத்தைச் சுற்றிச்சுற்றி வருவார்கள். பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேலன் ஊற்றுவார்கள். பேட்டரி இறங்கினால் ஜம்ப் கொடுப்பார்கள், ஸ்டெப்னி மாற்றுவார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சில நிமிடங்களில் சரியாகாவிட்டால் ப்ரீவேயிலிருந்து இறக்கி, அதற்கென்று குறித்த இடத்தில் விட்டுவிடுவார்கள். எல்லாமே இலவசம், டிப்ஸ்கூட வாங்க மாட்டார்கள்.

எனக்கு இது 2003-இல்தான் தெரிந்தது. ஹேவர்டு அருகே மாலை ஐந்தரை மணிக்கு இன்ஜின் கொதித்துப் புகை வந்தது. பின்சீட்டில் மகள், நான்கு வயது. நான் யாருக்கும் போன் செய்யவே இல்லை. ஒரு டோ டிரக் தானாகவே வந்து பின்னால் நின்றது. எத்தனை நூறு டாலர் கேட்பாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றினார், ஒழுகுகிறது என்று காட்டினார், வண்டியை இழுத்துப்போய்ப் பாதுகாப்பான இடத்தில் விட்டார். பணம் எவ்வளவு என்று கேட்டேன். "நீங்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது" என்றார். அன்று இரவு பதிவுக் கடிதத்தைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தேன்.

இதை அரசின் தர்மம் என்று நினைக்காதீர்கள். ஒரு லேன் ஒரு நிமிடம் அடைபட்டால் போக்குவரத்து சீராக நான்கு நிமிடம் ஆகும் என்று இங்கே ஒரு கணக்கு சொல்வார்கள். உங்கள் காரை ஓரங்கட்டுவது பின்னால் வரும் ஆயிரம் பேருக்கான வேலை. அடுத்தவர் வந்து மோதும் ஆபத்தும் குறைகிறது.

ஒரு டாலரில் மட்டும் இத்தனையும் நடக்காது. பெரும்பங்கு மாநிலத்தின் சாலை நிதியிலிருந்து வருகிறது, உள்ளூர் அமைப்பும் தன் பங்கைப் போட வேண்டும். 2017-இல் பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் உயர்த்திய சட்டம், இந்த ரோந்துக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த உயர்வை நீக்க வேண்டும் என்று 2018 நவம்பரில் ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது, மக்கள் நிராகரித்தார்கள். குடியுரிமை வாங்கிய நான் மனநிறைவோடு 'வேண்டாம்' என்று குத்திய ஓட்டு அது.

இப்போது என் கவலை வேறு. உங்கள் அலுவலக வாகன நிறுத்தத்தைப் பாருங்கள், பாதிக்குப் பாதி மின்சாரக் கார். அவர்கள் பெட்ரோல் வரி கட்டுவதில்லை. 2020 மாடல் முதல் மின்சாரக் கார்களுக்குப் பதிவின்போது 100 டாலர் சாலைக் கட்டணம் என்று ஆரம்பித்தார்கள். ஓடும் மைலுக்கு ஏற்ப வசூலிக்கலாமா என்று 2016, 2017-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். வரவு இப்படி மாறும்போது செலவும் மாறுகிறது. சார்ஜ் தீர்ந்த காருக்கு ஒரு கேலன் பெட்ரோலால் என்ன பயன்? பல மின்சாரக் கார்களைச் சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது, தட்டையான டிரக்கில் ஏற்ற வேண்டும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. வேலை கூடுகிறது, நான் பார்த்த வரை பில்லில் அந்த வரி மட்டும் அதே ஒரு டாலர். இதை இரண்டாக்கினாலும் நான் கட்டுவேன். காப்பீட்டிலேயே டோயிங் இருக்கிறவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். பழைய கார் ஓட்டி இரண்டு வேலைக்குப் போகிறவருக்கு, நேற்று வந்த உங்களைப் போன்றவருக்கு, இதுதான் துணை.

சரி, தனித் திட்டம் வேண்டுமா? உங்களுக்கு வேண்டும். ரோந்து வண்டி ப்ரீவேயில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் வேலைநாள் நெரிசல் நேரத்தில். நள்ளிரவில் வீட்டு வாசலில் பேட்டரி இறங்கினால் வராது. மெக்கானிக் கடை வரை இழுத்துப்போவதும் அவர்கள் வேலையில்லை. முதலில் உங்கள் கார் காப்பீட்டில் சாலை உதவி இருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே சேர்த்தால் சில சமயம் மலிவாக முடியும்.

ஒரு எச்சரிக்கை. 2011-இல் என் கணவர் இரவில் சின்ன விபத்தில் மாட்டியபோது, கூப்பிடாமலே ஒரு டோ டிரக் வந்தது. பதற்றத்தில் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வண்டியை மீட்க 600 டாலருக்கு மேல் கட்டினோம். ரோந்து டிரக்கில் ப்ரீவே ரோந்துச் சின்னம் இருக்கும், பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது அந்த வண்டி இல்லை, கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊரில் நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 கூப்பிடுவோமே, அதுபோல இங்கே 511 கூப்பிட்டு ப்ரீவே உதவி கேளுங்கள். லேன் நடுவில் நின்றுவிட்டாலோ யாருக்காவது அடிபட்டாலோ 911. முடிந்தவரை வலது ஓரம் ஒதுங்கி, நான்கு விளக்கையும் போட்டுவிட்டு, பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள்; இறங்கியே ஆக வேண்டுமென்றால் வலது கதவு வழியாக. உங்கள் மனைவி அடுத்த மாதம் வருகிறார் என்றீர்களே, இந்த எண்களை அவர் போனிலும் போட்டுக் கொடுங்கள்.