விசாரணைக்கு வரச் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்: முதலில் யாரிடம் போவது?

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கிறான். அவன் சமர்ப்பித்த ஒரு கட்டுரையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருப்பதாகச் சந்தேகம் தெரிவித்து, அடுத்த புதன்கிழமை விசாரணைக் குழு முன் வரும்படி பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. சொந்தமாகத்தான் எழுதினேன், ஆங்கிலத்தைச் சரிபார்க்க மட்டும் கிராமர்லி பயன்படுத்தினேன் என்கிறான். சேர்க்கைக்கு உதவிய கன்சல்டன்சி, 65,000 ரூபாய் கட்டினால் பதில் கடிதம் எழுதித் தந்து, 'பேசி முடித்து'த் தருவதாகச் சொல்கிறது. விசா ரத்தாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பணத்தைக் கட்டலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: கட்ட வேண்டாம். தொகை பெரிது என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் ஐந்நூறு ரூபாய் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். தங்கள் மகன் பார்க்க வேண்டியவர் அவருடைய வளாகத்துக்குள்ளேயே, கட்டணம் எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம் என்று அந்த இடத்துக்குப் பெயர். நம் ஊரில் மாணவர் சங்கம் என்றால் கொடி பிடிப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அங்கே போய்ச் சேரும் பிள்ளைகளோ அது முதல் வாரம் பார்ட்டி நடத்துகிற இடம் என்று நினைத்துக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. சங்கம் பல்கலைக்கழகத்திலிருந்து தனித்து இயங்கும் அமைப்பு. அதன் நிதியில் பெரும் பங்கு பல்கலைக்கழகத்திலிருந்து வருவது உண்மைதான் என்றாலும், அங்குள்ள ஆலோசகர் மாணவர் பக்கம் நிற்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். மாணவர் சொன்னதை அவருடைய அனுமதியில்லாமல் பல்கலைக்கழகத்திடம் சொல்ல மாட்டார். அன்பாகப் பேசும் பேராசிரியரும், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருப்பவரும் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் அவர்கள் குற்றம்சாட்டும் நிறுவனத்தின் ஊழியர்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதற்கு முன்பாக, இன்றே அந்த ஆலோசகரிடம் நேரம் வாங்கச் சொல்லுங்கள்.

விசாவைப் பற்றி. குற்றச்சாட்டு வந்த காரணத்துக்காக மட்டும் விசா ரத்தாவதில்லை. மாணவரைப் படிப்பிலிருந்து நீக்கினால்தான் பல்கலைக்கழகம் அதைப் 10 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் முறை என்றால் பெரும்பாலும் மதிப்பெண் குறைப்பு, அல்லது அந்தப் பாடத்துக்குப் பூஜ்யம் போட்டு மறுபடி எழுதச் சொல்வது என்ற அளவில் முடிகிறது. எனக்கு உண்மையில் கவலை தருவது தாமதம். படிப்புக்குப் பிறகு அங்கேயே வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசாவுக்கு, படிப்பை வெற்றிகரமாக முடித்தார் என்று பல்கலைக்கழகம் உறுதி செய்த பின்னரே விண்ணப்பிக்க முடியும். அதையும் மாணவர் விசா காலாவதியாவதற்குள் செய்தாக வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ நடக்கும் படிப்பென்றால் பொதுவாகப் படிப்பு முடிந்த பிறகு 4 மாதம் கையில் இருக்கும். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அந்த 4 மாதமும் கரைந்துவிடும். மாணவர் பதில் சொல்ல ஐந்து நாள் கொடுத்துவிட்டு, தான் முடிவு சொல்ல மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வது இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. கேட்டால் 'குழு கூட வேண்டும்' என்பார்கள். விசா முடியும் தேதியை முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டு, அதற்குள் முடிவு தேவை என்று எழுத்தில் கேட்டு வைப்பது அவசியம்.

இனி அந்தக் கன்சல்டன்சிக்கு வருகிறேன். மாணவரைச் சேர்த்துவிட்டதற்கு ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம்தான். நாளைக்கும் அங்கே ஆள் அனுப்ப வேண்டியவர், அதே பல்கலைக்கழகத்தை எதிர்த்து உங்கள் மகனுக்காக எந்த அளவுக்கு வாதாடுவார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். 'பேசி முடிப்பது' என்ற ஒன்று அங்கே கிடையாது. முடிவெடுப்பது குழு, அந்தக் குழுவை வெளியாள் தொலைபேசியில் பிடிக்க முடியாது. பெற்றோராகிய நீங்கள் அழைத்தாலும், மகன் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

இத்தகைய கன்சல்டன்சிகள் எழுதித் தரும் கடிதங்களின் தரமும் எனக்குத் தெரியும். ஆலோசகராக இருந்த காலத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் ஒரே வாரத்தில் என்னிடம் காட்டிய கடிதங்களில், பாட்டி இறந்த செய்தி சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தது. இரண்டாவது கடிதத்தில் முதல் மாணவருடைய பாடத்தின் பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார்கள். அது குழுவின் கைக்குப் போயிருந்தால், பழைய குற்றச்சாட்டோடு பொய்ச்சான்று என்ற புதிய குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கும். 'இதை நீயாக எழுதவில்லை' என்பதே உங்கள் மகன் மீதுள்ள சந்தேகம். அதற்கான பதிலையும் வேறொருவர் எழுதிக் கொடுத்தால், குழு அந்தப் பதிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அர்த்தம் கேட்கும்போது பையன் விழிப்பான்.

காசு வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதித் தருவது இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வேலையைச் செய்பவர்கள்தான் பல நேரங்களில் 'மேல்முறையீட்டு நிபுணர்' என்ற பெயரிலும் விளம்பரம் செய்கிறார்கள். மாணவருடைய பெயர், பாடம், பல்கலைக்கழகம் எல்லாம் கைக்கு வந்ததும், இன்னும் பணம் தராவிட்டால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று மிரட்டுவதும் நடக்கிறது. விசா பற்றி ஆலோசனை சொல்லவும் அங்கே வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசனைக்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் சொல்வது தண்டனைக்குரியது. தங்கள் கன்சல்டன்சியிடம் பதிவு எண் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் பொறி. இங்கே கல்லூரியில் ஏதாவது பிரச்சினை என்றால் துறைத் தலைவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, அப்பாவை அழைத்து வந்து, விஷயத்தை முடித்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'இந்த ஒரு முறை மன்னித்துவிடுங்கள், இனி செய்ய மாட்டேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு, பிறகு நான் செய்யவில்லை என்று வாதாடுகிற பிள்ளைகள் அநேகம். அங்கே அந்த வரி ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறிவிடும்.

ஆலோசகரிடம் மகன் கொண்டுபோக வேண்டியது, கட்டுரை உருவான தடயம். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதியிருந்தால், எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் பத்தி சேர்ந்தது என்ற பதிப்பு வரலாறு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதைத் திறந்து படமெடுத்து வைக்கட்டும். கைக்குறிப்புகள், தரவிறக்கிய ஆய்வுக்கட்டுரைகள், நண்பனுடன் அந்தக் கட்டுரை பற்றிப் பேசிய வாட்ஸப் செய்திகள் எல்லாமே உதவும். கிராமர்லி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. எழுத்துப்பிழை திருத்துவது ஒன்று, முழு வாக்கியத்தையும் கிராமர்லியே மாற்றி எழுதும்படி விடுவது வேறொன்று. இரண்டாவதை அவர் செய்திருந்தால், அந்தப் பாடத்தின் விதி அதை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதைச் செய்திருந்தாலும் ஆலோசகரிடம் உள்ளது உள்ளபடி சொல்லட்டும். கட்டுரையில் செயற்கை நுண்ணறிவு எழுதியது எவ்வளவு என்று கணிக்கும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் சதவீதத்தைக் கண்டு மிரள வேண்டாம். அதை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

முடிவு பாதகமாக வந்தால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அதற்கான கெடு மிகக் குறுகியது, முடிவுக் கடிதத்திலேயே இருக்கும். அதுவும் முடிந்த பின், நடவடிக்கைகள் நிறைவுற்றதைக் கூறும் இறுதிக் கடிதத்தைப் பெற்று, அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், உயர்கல்விக்கான சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகமான ஓ.ஐ.ஏ.வுக்குப் போகலாம். அதற்கும் மாணவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. இதில்தான் பலரும் இடறுகிறார்கள். பாட அறிவை வைத்து ஆசிரியர் எடுக்கும் தீர்மானத்தை, அதாவது கட்டுரைக்கு 48 தகுமா 62 தகுமா என்பதை, ஓ.ஐ.ஏ. தொடாது. பல்கலைக்கழகங்கள் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் 'அது கல்விசார் தீர்மானம்' என்று வாயடைக்கப் பார்க்கும். காப்பியடித்திருக்கிறாரா என்பதிலும் அத்தகைய தீர்மானம் கலந்திருக்கிறது என்பது சரியே. ஆயினும் அது ஆதாரத்தின் மீது நிற்க வேண்டும். ஆதாரத்தை முன்கூட்டியே காட்டினார்களா, மாணவர் தந்த பதிப்பு வரலாற்றைக் குழு பார்த்ததா, பார்க்காமலே ஒதுக்கியதா, முடிவுக்குக் காரணம் எழுதினார்களா, குற்றம்சாட்டிய ஆசிரியரே குழுவிலும் உட்கார்ந்தாரா: இவை எதுவும் கல்விசார் தீர்மானம் அல்ல, நடைமுறை. ஆகவே 'என் கட்டுரை நல்ல கட்டுரை' என்று மேல்முறையீடு எழுதினால் தோற்பார். 'நான் கொடுத்த 14 பக்கங்களைப் பற்றி முடிவுக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை' என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். புதன்கிழமை அமர்வில் யார் என்ன கேட்டார்கள் என்பதை மகனோ, உடன் வரும் ஆலோசகரோ குறித்து வைப்பது இதற்காகத்தான்.

புதன்கிழமைக்குள் ஆலோசகரின் நேரம் கிடைக்கவில்லை என்றால், மகன் தம் சொந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்: மாணவர் சங்க ஆலோசகரைச் சந்திக்க இன்ன தேதியில்தான் நேரம் கிடைத்திருக்கிறது, அதன் பிறகு வேறொரு நாள் குறிக்கக் கோருகிறேன். நேரம் பதிவான மின்னஞ்சலை அதனுடன் இணைத்து, விசாரணைக் கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதற்கே அனுப்பட்டும்.