போர்வெல் தண்ணீரிலும் வேலை செய்யும் நான்-அயானிக் சர்ஃபாக்டன்ட்

எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருள்தான் சர்ஃபாக்டன்ட்; சோப்பும் அதில் ஒன்று. அதில் நான்-அயானிக் வகை மற்ற வகைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். சோப்பு மூலக்கூறின் தலையில், அதாவது தண்ணீரோடு ஒட்டும் முனையில், எதிர்மின்சுமை இருக்கும். போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும்; நுரை வராது, பக்கெட்டில் வெள்ளைப் படலம்தான் ஒட்டும். நான்-அயானிக் வகையின் தலைக்கு மின்சுமையே கிடையாது. அதனால் கடின நீரிலும் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துவிடும். பெரும்பாலும் நுரையும் குறைவு, வாஷிங் மெஷினுக்கு நல்லது.

அழகுப் பொருட்களில் சேர்க்கும் நான்-அயானிக் வகைகளில் எனக்குப் பிடித்தது பாலிசார்பேட் 20. லாவெண்டர் எண்ணெயைத் தண்ணீரில் சொட்டினால் வட்டமாக மேலே மிதக்கும். அதே சொட்டைப் போதுமான அளவு பாலிசார்பேட்டில் முதலில் குழைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள், மிதக்காமல் கலந்து நிற்கும். குழந்தைகள் ஷாம்பூ சிலவற்றில் டெசில் குளுக்கோசைடு என்ற இன்னொரு நான்-அயானிக் வகை இருக்கும். குளுக்கோஸும் தேங்காய் எண்ணெய் போன்றவற்றின் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்தது அது. தோலை அவ்வளவாக உறுத்தாது.