நாற்பதை விற்றுப் பதினைந்து வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது, திருகோணமலை திருக்கடலூர். 23 அடி ஃபைபர் படகு, 40 குதிரைவலு மண்ணெண்ணெய் என்ஜின். முந்தி மகனோடு சூரைக்குத் தூரக் கடலுக்குப் போவோம். அவன் கட்டாருக்குப் போய்விட்டான். இப்போது நானும் மச்சானும் 10 கிலோமீற்றருக்குள் வலை போட்டு வருகிறோம். ஒருமுறை போய்வர 15 லீற்றர் மண்ணெண்ணெய், லீற்றர் 185 ரூபா. மீன் சராசரி 25 கிலோ. சீசன் 7 மாதம், மாதம் 20 நாள் தொழில்.

40ஐ ஐந்தரை லட்சத்துக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். புது 15 குதிரைவலு 6,80,000 ரூபா. கிண்ணியாவில் பாவித்த 25 ஒன்று 3,20,000க்கு இருக்கிறது. மனைவியின் நகை 3 லட்சத்துக்கு வங்கியில் அடகு, வருட வட்டி 15 வீதம். மீன் முதலாளி, புது 15ஐத் தானே எடுத்துத் தருகிறேன், வட்டி வேண்டாம், மாதாமாதம் கொஞ்சமாகக் கழி என்கிறார். கடன் முடியும்வரை மீன் எல்லாம் அவருக்கே, சந்தை விலையில் கிலோவுக்கு 30 ரூபா குறைத்து. 40 விற்ற காசில் நகையை மீட்டு, மிச்சத்தில் கூரையைத் திருத்தலாம் என்பது வீட்டில் யோசனை. செய்யலாமா ஐயா?

பதில்: 40ஐ விற்கலாம். முதலாளியின் 15 வேண்டாம்.

நீங்கள் 15 லீற்றர் எரிப்பதற்கு என்ஜின் பெரிசு என்பது மட்டும் காரணமில்லை. கைபிடியை முழுக்க முறுக்கி ஓடுகிறீர்கள். சூரைக்கு ஓடிய பழக்கம் கையை விட்டுப் போகாது. 40 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு 18 லீற்றர் வரை குடிக்கும். அதே படகை மணிக்கு 11 கிலோமீற்றரில், அதாவது 6 நொட்டில் ஓட்ட 5, 6 குதிரைவலு போதும். ஒரு படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சுகமாகப் போகும் வேகத்துக்கு அதன் நீளம் ஓர் எல்லை போடுகிறது. 23 அடிக்கு அது 6 நொட்டை ஒட்டி வரும். அதைத் தாண்டினால் அணியம் மேலே தூக்கும், பின்பக்கம் தாழும், படகு கடலை உழும். கிலோமீற்றருக்கு அதிகம் எண்ணெய் போவது அந்த நிலையில்தான்.

15 வாங்கும் பலர் ஏமாறுவதும் இங்கேதான். சின்ன என்ஜினை முழுக்க முறுக்கி, பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். படகு மேலே எழும்பவும் மாட்டாது, கீழே அடங்கவும் மாட்டாது. என்ஜின் கத்தும், எண்ணெய் போகும், இரண்டு வருடத்தில் பிஸ்டன் வேலை வரும்.

ஆகவே எதையும் விற்க முதல் ஒரு பரீட்சை வையுங்கள். பங்குனியில் கடல் அடங்கியதும் இரண்டு கிழமை 40ஐயே பாதிக்கும் குறைவாக முறுக்கி ஓடுங்கள். போகும்போது தாங்கியில் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் மதிப்பீட்டில் 15 லீற்றர் 11 ஆகும். 15 குதிரைவலு போட்டு அதே வேகத்தில் ஓடினால் 9 ஆகலாம். உங்கள் கொப்பி வேறு எண் சொன்னால் அதையே நம்புங்கள், என்னையல்ல.

என் எண்களை வைத்தே பார்த்தால், மிச்சமாகும் 6 லீற்றரில் 4 உங்கள் கையால் வருவது, அதற்கு ஒரு சதமும் செலவில்லை. புது என்ஜினால் வருவது 2 லீற்றர், அதாவது ஒரு பயணத்துக்கு 370 ரூபா. முதலாளிக்குக் கிலோவுக்கு 30 ரூபா குறைத்துக் கொடுத்தால், 25 கிலோவுக்கு 750 ரூபா போகிறது. 370ஐச் சேமிக்க 750 கொடுக்கிறீர்கள். 140 பயணத்தில் 1,05,000 ரூபா. இவ்வளவு கொடுத்தும் என்ஜின் கடனில் ஒரு ரூபா குறைந்திருக்காது, அதை மாதாமாதம் தனியாகக் கழிக்க வேண்டும். வட்டி வேண்டாம் என்றாரே, 6,80,000க்கு முதல் வருடம் 1,05,000 என்றால் 15 வீதத்துக்கு மேல். உங்கள் அடகு வட்டியை விட அதிகம். அடகில் கடன் குறையக் குறைய வட்டியும் குறையும். இங்கே கடைசிச் சதம் கட்டும்வரை அதே 30 ரூபா. நல்ல பாடு விழுந்து 60 கிலோ வந்தால் அன்றைக்கு 1,800 ரூபா போகும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியதே, அந்த விலை திரும்ப வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போதும் 2 லீற்றர் 680 ரூபாதான். 750 அதைவிடப் பெரிசு.

முதலாளிமாரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வாடைக் காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது அரிசிக்குக் காசு தருவது அவர்கள்தான், வங்கி அல்ல. ஆனால் அவசரத்துக்கு 20,000 வாங்குவது வேறு, விலை பேசும் உரிமையை வருடக்கணக்கில் எழுதிக் கொடுப்பது வேறு.

பிறகு ஏன் 40ஐ விற்கச் சொல்கிறேன்? எண்ணெய்க்காக இல்லை. மகன் போனபின் உங்களுக்குத் தேவைப்படாத ஒரு வேகம் ஐந்தரை லட்சமாகப் படகின் பின்னால் தொங்குகிறது. வீட்டில் நகை வட்டி தின்கிறது. கிண்ணியாவின் 25ஐ எடுத்தால் கையில் 2,30,000 மிஞ்சும். அதில் 2 லட்சத்தை அடகுக்குக் கட்டுங்கள், வருடத்துக்கு 30,000 ரூபா வட்டி நிற்கும். நகை தனித்தனிச் சீட்டில் இருந்தால் இரண்டொன்றை முழுதாக மீட்டு வீட்டில் கொடுங்கள், அந்த முகத்தைப் பார்க்கவாவது. மிச்சம் 30,000 புரொப்பெலருக்கும் திருத்த வேலைக்கும். கூரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். மழை ஒழுகும் இடத்துக்கு மட்டும் தகரம் போடுங்கள்.

15ஐ விட 25 ஏன் என்றால், மெதுவாக ஓடும்போது இரண்டுக்கும் எண்ணெயில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெளிக்கடலில் திடீரென்று காற்றுக் கிளம்பினால், நனைந்த வலையும் மீனும் இரண்டு ஆளுமாக 23 அடிப் படகை 15 இழுத்து வரும் என்று நான் சொல்ல மாட்டேன். கொட்டியாரக் குடாவுக்குள் மட்டும் தொழில் செய்பவர் கேட்டிருந்தால் 15 என்றே சொல்லியிருப்பேன்.

பாவித்த என்ஜினைக் கரையில் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினால் போதாது. உங்கள் படகிலேயே பூட்டி, ஆளும் சுமையும் ஏற்றி ஒரு மணித்தியாலம் கடலில் ஓடுங்கள். குளிர்த்தும் தண்ணீர் விடாமல் பாய வேண்டும். கியர் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விலையைக் குறைக்கவும் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஷாஃப்ற், அதாவது என்ஜினிலிருந்து கீழே புரொப்பெலர்வரை இறங்கும் தண்டு, அதன் நீளம் உங்கள் படகுக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். 15 அங்குலமும் உண்டு, 20 அங்குலமும் உண்டு. கொழுத்த படகுக்குப் பிட்ச் (இலையின் சரிவு) குறைந்த புரொப்பெலர் தேவைப்படலாம், அதை உங்கள் மெக்கானிக் என்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். வாங்கிய துண்டோடு கடற்றொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பதிவில் என்ஜின் இலக்கத்தை மாற்றுங்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. மெதுவாக ஓடினால் போக அரை மணி, வர அரை மணி கூடும். கொழும்புக்குப் போகும் லொறி புறப்பட்டபின் கரைக்கு வந்தால், மிச்சம் பிடித்த எண்ணெய்க் காசு மீன் விலையில் போய்விடும். ஒரு மணித்தியாலம் முந்தி எழும்ப மச்சான் சம்மதிப்பாரா? பரீட்சை வைக்கும் இரண்டு கிழமையிலும் எண்ணெயோடு சேர்த்து, அன்றன்று விற்ற விலையையும் கொப்பியில் எழுதுங்கள்.

40 கேட்டு வந்தவர் அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். சீசனுக்கு மேற்குக் கரையிலிருந்து படகுகள் வந்து சேரும்போது 40க்கு ஆள் தேடி அலைய வேண்டியிராது.