12ஆம் வகுப்பு உயிரியல்: ஆண்டுத் திட்டத்தையும் தேர்வுகளையும் எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் முதன்முறையாக 12ஆம் வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போர்ஷனை எப்படிப் பிரிப்பது? எத்தனை டெஸ்ட் வைப்பது? அரையாண்டுக்குள் முடிக்க முடியுமா?" முடியும். ஆனால் புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து மாதவாரியாகக் கூறுபோட்டால் முடியாது. பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் சறுக்குகின்றன.

உயிரியல் ஒரு பாடம், இரண்டு புத்தகம். உயிரி-தாவரவியலில் 10 பாடங்கள், உயிரி-விலங்கியலில் 12. பல பள்ளிகளில் இரண்டையும் இருவேறு ஆசிரியர்கள் நடத்துகிறார்கள், இருவரும் முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் போகிறார்கள். விளைவைப் பாருங்கள். தாவரவியலின் 4ஆம் பாடத்தில் மறுகூட்டிணைவு டிஎன்ஏ வருகிறது. டிஎன்ஏவின் அமைப்பும் இரட்டிப்பாதலும் விலங்கியலின் 5ஆம் பாடமான மூலக்கூறு மரபியலில் இருக்கின்றன. தாவரவியல் ஆசிரியர் ஒரு வாரம் முந்திவிட்டால், ஈரிழையில் காரங்கள் எப்படி இணைசேர்கின்றன என்று தெரியாத மாணவரிடம், டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அதேபோல் விலங்கியலின் 4ஆம் பாடத்துக்குத் தாவரவியலின் பாரம்பரிய மரபியல் முதலில் முடிந்திருக்க வேண்டும். விலங்கியலின் 9ஆம் பாடமான உயிரித்தொழில்நுட்பப் பயன்பாடுகளுக்குத் தாவரவியலின் 4 முன்னால் வர வேண்டும்.

ஆகவே முதல் வேலை, இருவரும் ஒரே தாளில் உட்கார்ந்து எழுதுவது. மெண்டல் (தாவ. 2), குரோமோசோம் (தாவ. 3), மரபுக் கடத்தல் (விலங். 4), மூலக்கூறு மரபியல் (விலங். 5), உயிரித்தொழில்நுட்பம் (தாவ. 4), அதன் பயன்பாடு (விலங். 9) என்று ஒரு சங்கிலி. மற்றொரு சங்கிலி சூழலியல்: தாவரவியலின் 6, 7, 8ஆம் பாடங்களும் விலங்கியலின் 10, 11, 12ஆம் பாடங்களும். இவற்றில் பொதுவாக வரும் பகுதிகளை யார் நடத்துவது என்று முன்பே பேசி வைத்தால் சில பீரியட்கள் கையில் மிஞ்சும். பாட எண்ணை மாற்றி நடத்துவதில் தவறொன்றும் இல்லை. மாதத் தேர்வுக்கும் காலாண்டுக்கும் எந்தப் பாடம் வரை என்பதை மட்டும் மாணவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. உங்கள் பள்ளி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூன் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை சுமார் 26 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் 3 வாரம், தீபாவளி முதலிய பண்டிகைகள் 1, வடகிழக்குப் பருவமழை விடுமுறை 1, மாதத் தேர்வுகள் 2 என்று கழித்தால் 19 வாரம். தாவரவியலுக்கு வாரம் 4 பீரியட் என்றால் 76. அதில் 10 பீரியடை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடுங்கள். மழை கூடுதலாகப் பெய்தாலும், ஒரு பாடம் புரியாமல் திரும்ப நடத்த வேண்டி வந்தாலும் அந்தப் பத்துதான் உங்களைக் காப்பாற்றும். எஞ்சிய 66ஐ இப்படிப் பிரிக்கலாம்: இனப்பெருக்கம் 9, பாரம்பரிய மரபியல் 10, குரோமோசோம் 9, உயிரித்தொழில்நுட்பம் 8, திசு வளர்ப்பு 4, சூழ்நிலையியல் 7, சூழல் மண்டலம் 6, சுற்றுச்சூழல் பிரச்சினைகள் 5, பயிர்ப்பெருக்கம் 4, பொருளாதாரத் தாவரங்கள் 4. பக்க எண்ணிக்கையை வைத்துப் பிரிக்காதீர்கள். கடைசிப் பாடத்தில் பக்கம் அதிகம், ஆனால் மாணவர் தானே படித்துக்கொள்வார். குரோமோசோம் பாடத்தில் வரும் இணைப்பும் (மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவது) குறுக்கேற்றமும் (குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) பக்கக் கணக்கில் சிறியவை, மனத்தில் ஏற நாள் பிடிக்கும்.

செய்முறையைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உயிருள்ள பொருளுக்குப் பருவமும் நேரமும் உண்டு. மகரந்தத்தூள் முளைத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. கரைசலில் 10 கிராம் சர்க்கரையும் 10 மில்லிகிராம் போரிக் அமிலமும் வேண்டும். பள்ளித் தராசில் 10 மில்லிகிராம் நிறுக்க முடியாது. 1 லிட்டர் நீரில் 1 கிராம் போரிக் அமிலம் கரைத்து, அதிலிருந்து 10 மி.லி. எடுத்து, சர்க்கரை சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும். அன்று காலை மலர்ந்த நித்தியகல்யாணி அல்லது காசித்தும்பைப் பூ போதும். மழையில் நனைந்த பூவும் நேற்றைய பூவும் ஏமாற்றும். ஸ்லைடைத் திறந்து வைத்தால் துளி காய்ந்து சர்க்கரைச் செறிவு ஏறும், குழாய் வளராது. பெட்ரித் தட்டில் ஈர வடிதாளின் மேல் வைத்து மூடுங்கள், அரை மணி நேரத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். ஒரு துளியை வெறும் நீரில் போட்டு, தூள்கள் வெடிப்பதையும் காட்டுங்கள். ஏன் வெடித்தது என்று கேட்டால் 11ஆம் வகுப்பில் படித்த சவ்வூடு பரவல் நினைவிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நல்ல செய்முறை ஒவ்வொன்றும் இப்படி ஒரு தேர்வாகவும் இருக்கும்.

இனி மதிப்பீடு. உயிரியலுக்கு மொத்தம் 100: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுபதில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. ஒவ்வொரு 35ம் ஒரே அமைப்புதான்: ஒரு மார்க் 8, இரண்டு மார்க் 6இல் 4, மூன்று மார்க் 5இல் 3 (ஒன்று கட்டாய வினா), ஐந்து மார்க் 2, இரண்டிலும் 'அல்லது' உண்டு. எழுதுவது 35 மார்க்குக்கு என்றாலும் தாளில் இருப்பது 8 + 12 + 15 + 20 = 55 மார்க். புளூபிரிண்ட் (எந்த வகை வினாவுக்கு எத்தனை மார்க் என்ற வினாத்தாள் திட்டம்) போடும்போது இந்த 55ஐத்தான் பங்கிட வேண்டும். 35ஐப் பங்கிட்டால், கடினமான கேள்விகளெல்லாம் சாய்ஸில் விடப்படும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மாணவர் அவற்றைத் தொடாமலே நல்ல மார்க் வாங்கிவிடுவார். நினைவுகூர்தலுக்கு 22, புரிதலுக்கு 22, புதிய சூழலில் பயன்படுத்துவதற்கு 11 என்பது வகுப்புத் தேர்வுக்கு ஏற்ற பங்கீடு. அந்த 11இல் ஒரு மூன்று மார்க்கைக் கட்டாய வினாவில் வையுங்கள். 'அல்லது' கேள்விகள் இரண்டும் ஒரே கடினத்தில் இருக்கட்டும்.

பயன்படுத்தும் வினா என்றால் மலைக்க வேண்டாம். நேர்கோட்டு டிஎன்ஏ துண்டு ஒன்றில் ஈகோ ஆர்-1 நொதி வெட்டும் இடங்கள் மூன்று. எத்தனை துண்டுகள் கிடைக்கும்? அதே மூன்று இடங்கள் வட்டமான பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) இருந்தால்? முதலாவதுக்கு 4, இரண்டாவதுக்கு 3. புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் இரண்டுக்கும் ஒரே விடை எழுதுவார். இன்னொன்று: மெண்டலின் பட்டாணியில் நெட்டை 787, குட்டை 277. விகிதம் 2.84 : 1 தான் வருகிறது, அப்படியானால் 3 : 1 தவறா? இதற்கு முன் வகுப்பில் ஒரு நாணய விளையாட்டு நடத்தியிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நாணயம், ஒரு பக்கம் ஓங்கு அல்லீல் (அல்லீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம்), மறுபக்கம் ஒடுங்கு அல்லீல், பத்து முறை சுண்டிக் குறித்துக்கொள்வது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று எண்ணினால் ஒருவருக்கு 5 : 5 வரும், இன்னொருவருக்கு 9 : 1 வரும். 40 பேரின் 400 முடிவுகளைக் கரும்பலகையில் கூட்டினால் 300 : 100க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "நான்கு பிள்ளைகளில் கட்டாயம் மூவருக்கு" என்று எழுதும் பிழை இதற்குப் பிறகு பெரிதும் குறைகிறது.

ஒரு மார்க் வினாவுக்குத் தவறான விடைகளைக் கற்பனையில் தேடாதீர்கள், மாணவரின் நோட்டிலிருந்து எடுங்கள். பாடம் முடியும் கடைசி ஐந்து நிமிடத்தில் துண்டுத்தாளில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், மார்க் போட வேண்டாம். "புல்லில் 10,000 ஜூல், வெட்டுக்கிளிக்கு 1,000 மட்டும் போகிறது. மீதி என்ன ஆயிற்று?" "அழிந்துவிட்டது" என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். "இரட்டைக் கருவுறுதலுக்கு இரண்டு மகரந்தத்தூள் வேண்டும்", "ஓங்கு பண்புதான் மக்கள்தொகையில் அதிகம் இருக்கும்", "மருந்துக்குப் பழகிப்போவது நம் உடல், பாக்டீரியா இல்லை" என்பவையும் அடிக்கடி வரும். அடுத்த மாதத் தேர்வில் இவைதான் அ, ஆ, இ. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கும். "மேற்கண்ட அனைத்தும்" எதையும் காட்டிக்கொடுக்காது.

ஐந்து மார்க்குக்கு விடைக்குறிப்பைக் கேள்வி எழுதும்போதே எழுதிவிடுங்கள். இரட்டைக் கருவுறுதல் என்றால்: மகரந்தக்குழாய் சூலுக்குள் நுழைந்து இரு ஆண் கேமீட்டுகளை விடுவது 1, ஒன்று முட்டை செல்லோடு இணைந்து இருமய கருமுட்டை உருவாவது 1, மற்றது துருவ உட்கருக்களோடு இணைந்து மும்மய கருவூண் உட்கரு உருவாவது 1, படமும் பாகங்களும் 2. படத்தின் அழகுக்கு மார்க் இல்லை என்பதை மாணவருக்கும் சொல்லுங்கள். அழகாக வரைந்து முட்டை செல்லைச் சூல்துளைக்கு எதிர்ப்பக்கம் வைத்தவருக்கு முழு மார்க் போய்விடக் கூடாது. திருத்தும்போது ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியைத் திருத்திக்கொண்டு போங்கள். கடைசியில் முதல் ஐந்து தாள்களை மறுபடி பாருங்கள். முதலில் கறாராகவும் களைத்த பிறகு தாராளமாகவும் போட்டிருப்பது அப்போது தெரியும்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் பத்து நிமிடக் கணக்கு ஒன்று. 40 பேர் வகுப்பில் அதிக மார்க் எடுத்த 11 பேர், குறைந்த 11 பேர் (இது ஏறத்தாழ 27 சதவீதம்). ஒவ்வொரு ஒரு மார்க் கேள்வியையும் மேல் குழுவில் எத்தனை பேர், கீழ்க் குழுவில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுங்கள். 9, 4 என்றால் வித்தியாசத்தை 11ஆல் வகுக்க 0.45, நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். 5, 6 என்று தலைகீழானால் பெரும்பாலும் விடைக்குறிப்புத் தவறு, அல்லது கேள்வி இரண்டு பொருள் தருகிறது. அந்த மார்க்கை எல்லோருக்கும் கொடுத்துவிடுவதுதான் நியாயம். இரு குழுவுமே ஒரு கேள்வியில் விழுந்திருந்தால் நடத்தியது போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒதுக்கி வைத்த பத்து பீரியடில் ஒன்றை அங்கே செலவிடுங்கள்.

மெல்லக் கற்போருக்குப் புக் பேக் (பாட இறுதியில் உள்ள வினாக்கள்) ஒரு மார்க்கும் ஆறேழு படங்களும் போதும் என்று விட்டுவிடுவது பரவலாக இருக்கிறது. தேர்ச்சிக்கு அது உதவும், ஆனால் ஜூன் மாதத்திலேயே அப்படிப் பிரித்து வைப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. டிசம்பர் வரை எல்லோருக்கும் ஒரே வகுப்பு, ஒரே துண்டுத்தாள் கேள்வி. ஜனவரித் திருப்புதலில் மட்டும் தனிக் கவனம். நீட் எழுதுபவர்களுக்கு உயிரியலில் 90 கேள்வி, 360 மார்க், தவறுக்கு ஒரு மார்க் குறையும். அந்தப் பயிற்சியைத் தனித் தாளாக வையுங்கள். பள்ளித் தேர்வில் மைனஸ் மார்க் கலந்தால் தயங்கும் மாணவர் விடையே எழுதாமல் விட்டுவிடுவார், அவருக்கு எது தெரியவில்லை என்பது உங்களுக்கும் தெரியாமல் போகும்.